சட்டைப் பையில் மாம்பழப் புகை

என் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட நான் உதட்டில் வைத்ததில்லை. இருந்தும் ஒரு காலத்தில் எங்கள் வீட்டு மளிகைச் சாமான், மகளின் டான்ஸ் கிளாஸ் எல்லாமே புகையிலிருந்துதான் வந்தன.

அதற்கு முன்னால் அமெரிக்காவில், குபெர்டினோ பக்கத்தில் ஒரு கம்பெனியில், கைக்கடிகாரத்துக்குள் வைக்கும் சென்சார்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் காலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதியில் நானும் இருந்தேன். பல மாதம் தேடியும் ஒன்றும் அமையவில்லை. இன்டர்வியூவில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். அதற்கப்புறம் ஆள் இருக்கிற இடமே தெரியாது. கடைசியில் ஃப்ரீமான்ட்டில், டைல்ஸ் கடைக்கும் கார் பெயின்ட் கடைக்கும் நடுவே, போர்டு மாட்டாத ஒரு கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் செய்வது வேப் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நெருப்பு இல்லாமல், உள்ளே இருக்கும் நிகோடின் திரவத்தைப் பேட்டரியில் சூடாக்கி ஆவியாக இழுக்கும் சிகரெட்.

மேனேஜர் ஒரு அமெரிக்கர். பாதி வாழ்க்கை சிகரெட் பிடித்துவிட்டு நிறுத்தியவர். நான் புகை பிடிப்பேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அதனால் ஒன்றும் இல்லை, எங்களிடம் மெஷினே பிடித்துக்கொள்ளும் என்றார்.

உண்மையிலேயே பிடித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மெஷின். வரிசையாக வேப்களைச் சொருகிவிட்டால் ஒரு இழுப்பு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு இழுப்பு என்று நாள் பூராவும் இழுத்துக்கொண்டே இருக்கும். எது ஒழுகுகிறது, எதில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, எதில் உள்ளே இருக்கிற பஞ்சு கருகுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. சென்சார் என்றால் சென்சார்தான், கடிகாரத்தில் இருந்தால் என்ன, வேப்பில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேர்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சேந்துக்க. ஆனா அம்மா அப்பா வர்றாங்க இல்ல, அவங்ககிட்ட ஒண்ணும் விளக்கிட்டு இருக்காத. ஹெல்த் டிவைஸ்னு மட்டும் சொல்லு."

"வேப் எப்படிங்க ஹெல்த் டிவைஸ் ஆகும்?"

"சிகரெட்டை விடறதுக்குன்னுதானே உங்க மேனேஜர் சொல்றாரு? அப்புறம் என்ன?"

மாமாவும் அத்தையும் ஈரோட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன் வாட்ஸாப்பில் பேசும்போது அத்தை கேட்டார். "புது வேலையில என்னம்மிணி பண்ற?"

நான் பொய் சொல்லவில்லை. "ஒரு சின்ன மெஷினுங்க அத்தை. அதுல இருந்து ஆவி வரும். அது சரியா வருதான்னு பாக்கணும்."

"ஓ, சளி புடிச்சா ஆவி புடிப்பமே, அதா? நல்ல வேலையாச்சே. நாலு பேருக்குப் புண்ணியம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சிக்னல் சரியில்லாததுபோல "ஹலோ, ஹலோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாமா உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் பீடி குடித்த பையன்களைப் பிடித்து, பிரேயரில் நிற்க வைத்து விளாசியதாக எங்கள் கல்யாணத்துக்கு வந்த பழைய மாணவர்கள் பலரும் என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். அதே மாமா சிகரெட் பிடிப்பார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது என்பது மாமாவின் நம்பிக்கை. சாப்பிட்டதும் "ஒரு நடை போய்ட்டு வந்தர்றேன்" என்பார். திரும்பி வரும்போது வாயில் கிராம்பு மணக்கும். அத்தை ஒன்றும் கேட்க மாட்டார். வீட்டுக்காரர் எப்போதும்போல லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்கள் வந்த சமயத்தில் ஆபீசில் எனக்கு ஒரு சிக்கல். புது மாடல் மெஷினில் நன்றாக ஓடியது. ஒழுகல் இல்லை, கருகல் இல்லை. ஆனால் இழுப்பவருக்கு எப்படி இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லத் தெரியாதே. ருசி பார்க்க வைத்திருந்த இரண்டு இளைஞர்களும் எதைக் கொடுத்தாலும் "ஸ்மூத்" என்றார்கள். ஒரு நாள் பேட்டரி தீர்ந்த ஒன்றைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டேன். அதற்கும் ஸ்மூத். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். காலம்காலமாகச் சிகரெட் பிடித்த பெரியவர்களுக்காகத்தான் இதைச் செய்கிறோம், அப்படி யாராவது உங்கள் வீடுகளில் இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு கொடுத்துக் கேட்டு வாருங்கள் என்றார்.

மறுநாள் மத்தியானம் ஒரு சார்ஜரை எடுக்க வீட்டுக்கு வந்தேன். எங்கள் அபார்ட்மென்டில் குப்பைத் தொட்டிகளைச் சுற்றி ஆளுயரத்துக்கு மரவேலி இருக்கும். வேலிக்கு மேலே நீலமாய்ப் புகை போய்க்கொண்டிருந்தது. ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடினேன். உள்ளே மாமா. என்னைப் பார்த்ததும் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். தோளுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பி அவர் தலையைச் சுற்றியது.

"சும்மா காத்தாட நின்னேன் கண்ணு."

குப்பைத் தொட்டிப் பக்கத்தில் என்ன காற்று என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. அத்தனை பையன்களை நிமிர்ந்து நிற்கச் சொன்னவர், வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, எனக்கு நீங்க ஒரு உதவி பண்ணணுங்க" என்றேன்.

முழுக் கதையையும் சொன்னேன். கம்பெனி, மெஷின், ஸ்மூத் என்று சொல்லும் இளைஞர்கள் எல்லாம். மாமா சிகரெட்டை அணைத்துவிட்டு, ஆவி மெஷின் வேறு, இது வேறு என்று புரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"நான் விசிட்டர் விசாவுல வந்துருக்கேன். வேலை செய்யக் கூடாதே. ஏர்போர்ட்ல கேட்டா என்ன சொல்றது?"

"சம்பளம் எதுவும் இல்லீங்க மாமா."

"அப்பச் சரி. கௌரவப் பணி."

சம்மதக் காகிதத்தில் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். மகளின் டப்பாவில் பச்சை ஜெல் பேனா இருந்தது. அது மினுமினுக்கும் வகை. அதில்தான் போட்டார். ஆபீசில் அதைப் பார்த்த மேனேஜர், உன் மாமனாரை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் மாமாவும் நானும் நடக்கப் போவோம். வாய்க்காலை ஒட்டி ஒரு நடைபாதை. கொஞ்ச தூரம் போனதும் மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பையிலிருந்து மாம்பழ வாசனை போட்ட வேப்பை எடுப்பார். இழுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகம் வந்துவிடும்.

"நூத்துக்கு முப்பத்தஞ்சு" என்றார் முதல் நாள். "பாஸ் போட்டுட்டேன். அவ்வளவுதான்."

"ஏனுங்க மாமா?"

"இது மாம்பழமா? யாரு சொன்னது? மாம்பழ மிட்டாய் சுத்தின காயிதம் இப்படி இருக்கும். அப்பறம், இழுத்தா உதட்டுல ஈரம் படுது. இருமல் மருந்து மாதிரி கசக்குது. நிப்பாட்டிட்டு வாயைத் துடைக்க வேண்டியதா இருக்குது. வெளியில நாலு பேரு முன்னால எப்படித் துடைக்கிறது?"

அவர் எப்போதாவது நாலு பேர் முன்னால் பிடித்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. மெஷினுக்கு உதடு கிடையாது. வாய்ப்பகுதியில் நீர் கோத்துக்கொள்வது என் சோதனை எதிலும் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் பிரித்துப் பார்த்தேன். ஆவி குளிர்ந்து குழாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக நின்றது.

இன்னொரு நாள், நுனியில் எரியும் விளக்கைப் பற்றிப் புகார். "இழுத்தா லைட் எரியுது. எதுக்கு? இருட்டுல யாரு இழுக்கறான்னு ஊருக்கே காட்டிக் குடுக்கவா? இதை டிசைன் பண்ணுனவன் ஒரு நாளும் மறைஞ்சு குடிச்சிருக்க மாட்டான்."

ஆனால் அவர் சொன்னதில் பெரிய விஷயம் வேறு. அதைச் சொல்வதற்கு ஒரு வாரம் யோசித்தார். வாய்க்கால் பாலத்தில் நின்று, கையில் அந்த வேப் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு, சிகரெட்டுன்னா அதுக்கு ஒரு முடிவு இருக்குது. எரிஞ்சு வரும், விரலைச் சுடும், போட்டு மிதிச்சுட்டு வீட்டுக்கு வரலாம். இது முடியவே மாட்டேங்குது. எப்ப நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. பெல் அடிக்காத பள்ளிக்கூடமாட்ட இருக்குது."

இதை அடுத்த நாள் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் சொன்னேன். பள்ளிக்கூட மணியையும் சேர்த்தே சொன்னேன். மேனேஜர் எழுந்து போர்டில் ஒரு மணி படம் வரைந்தார். ஒரு சிகரெட் அளவு இழுத்ததும் வேப் லேசாக அதிர்ந்து தானாக அணைய வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கம்பெனியில் என் யோசனை என்று ஒன்றை எல்லாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். அவர் அன்று மட்டும் ஐந்து மார்க் கூடுதலாகப் போட்டார்.

இதற்கிடையே வசந்தம் வந்து மரமெல்லாம் பூத்தது. பூந்தூள் அத்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கடைத்து, கண் சிவந்து, காலையிலிருந்து தும்மல்.

"என்னம்மிணி, ஊருக்கெல்லாம் ஆவி மெஷின் செய்யற. எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடுக்க மாட்டியா?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். லேப்டாப். மாமாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு அணிலைத் தீவிரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். நேராக மருந்துக் கடைக்குப் போய் ஆவி பிடிக்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். காரிலேயே உட்கார்ந்து அதன் மேல் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அத்தை அதில் ஆவி பிடித்துவிட்டு வெளியே வந்து, மூக்கு நன்றாகத் திறந்துவிட்டது, என்ன இருந்தாலும் நம்ம வீட்டுப் பிள்ளை செய்ததல்லவா என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அத்தைக்குக் கோயிலில் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்து பல வருடமாக இங்கேயே இருக்கும் ஆன்ட்டி. அவர் போனில் பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது.

"எனக்கு சைனஸ் ரொம்ப ட்ரபிள் பண்றது. உங்க டாட்டர்-இன்-லா கிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு அரேஞ்ச் பண்ணுங்களேன்."

"அதுக்கென்னங்க, அவ செய்யறதுதானுங்களே. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க, கையோட வாங்கிட்டுப் போயிருங்க."

மறுபடி மருந்துக் கடை, மறுபடி ஸ்டிக்கர். இந்தத் தடவை ஸ்டிக்கர் பிசின் போகவே இல்லை. நல்லெண்ணெய் தடவித் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வந்ததும் அத்தை ஆவி மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டார். மாமா அப்போதுதான் நடைபாதையிலிருந்து திரும்பினார். வேப்பை ஒளித்து வைக்கக்கூட நேரமில்லாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அத்தை அரிசிம்பருப்புச் சாதமும், கத்தரிக்காய்க் குழம்பும் செய்திருந்தார். நான் பரிமாறினேன். வீட்டுக்காரர் அன்று லேப்டாப் இல்லாததால் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆன்ட்டிக்கு எதிரே.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வகை வேப்புக்குப் பொத்தான் கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் உள்ளே இருக்கும் சென்சார் காற்றை உணர்ந்து சூடேற்றும். அந்தச் சென்சாரில் ஈரம் பட்டால், யாரும் இழுக்காமலே யாரோ இழுப்பதாக அது நினைத்துக்கொள்ளும். உதட்டில் ஈரம் படுகிறது என்று மாமா முதல் நாளே சொன்ன அதே ஈரம்தான்.

ஆன்ட்டி கத்தரிக்காய்க் குழம்பைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது மாமாவின் சட்டைப் பையிலிருந்து "புஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. வெள்ளையாகப் புகை எழுந்தது. கொஞ்ச நேரம் வந்துவிட்டு நின்றது. மேலே போய்ச் சீலிங்கில் பரவியது. மேஜை முழுக்க மாம்பழ மிட்டாய் வாசனை.

மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடி "புஸ்." இழுப்பு நீண்டுபோனால் தானாக நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு அதில் இருந்தது. நிறுத்திவிட்டு, இன்னும் யாரோ இழுக்கிறார்கள் என்று நினைத்து மீண்டும் ஆரம்பித்தது. மாமாவின் பை மூச்சு விடுவதுபோல் இருந்தது. மாமா ஒரு வாய் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார், தனக்கும் அந்தப் பைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல.

"ஐயையோ, நெஞ்சுல தீப்புடிச்சுக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே அத்தை மோர்ச் சொம்பைத் தூக்கி அப்படியே மாமாவின் மார்பில் ஊற்றினார். கடுகும் கறிவேப்பிலையும் பையில் ஒட்டிக்கொண்டன. மாமா மோர் சொட்டச் சொட்ட எழுந்து, பையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்து மேஜையில் வைத்தார். அது கடைசியாக ஒரு தடவை மோர் நுரையோடு புகைந்துவிட்டு அணைந்தது.

"தாத்தா, தட்ஸ் எ வேப்!" என்றாள் மகள். "எங்க ஸ்கூல்ல போட்டோ காமிச்சாங்க. இட்ஸ் ஸோ பேட் ஃபார் யூ!"

"வேப்புன்னா என்ன?" என்றார் அத்தை.

மகள் விளக்கினாள். பாதி ஆங்கிலத்தில், பாதி நடித்துக் காட்டி, இழுப்பதுபோலவும் இருமுவதுபோலவும் செய்து, ஒரு சந்தேகமும் மிச்சமில்லாமல் விளக்கினாள். விளக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, யூ மேக் தோஸ், ரைட்?"

நான் அவளிடம் எதையும் மறைத்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆன்ட்டி, தனக்காக எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்த ஆவி மெஷினை மடியிலிருந்து மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தார். "அப்போ இதுல என்ன வர்றது?" என்று கேட்டார்.

"வெறும் தண்ணி ஆவிதான் ஆன்ட்டி. அது கடையில வாங்கினது" என்றேன்.

ஆன்ட்டி பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டு, அந்த மெஷினை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுதான் போனார். நல்ல மனுஷி. கதவைச் சாத்தியதும் அத்தை சோபாவில் உட்கார்ந்தார். மாமா வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கூப்பிட்டு விசாரிக்கப்படும் மாணவனைப்போல ஓரமாக நின்றார்.

"இவளே, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. உங்க சிகரெட்டுச் சமாச்சாரம் கல்யாணமான மூணாம் நாளே எனக்குத் தெரியும். வீட்டுல கிராம்பு எதுக்கு அவ்வளவு சீக்கிரம் தீருதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "நீ செஞ்சதுன்னு நினைச்சுத்தானே அம்மிணி நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஈரோட்டுல என்ற தங்கச்சிகிட்டக்கூடச் சொன்னேன். கடையில வாங்கினதா அது?"

சிகரெட்டைவிட, வேப்பைவிட, அதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஸ்டிக்கர் எங்க போச்சு?" என்று கேட்டார். சுரண்டினதையும் நல்லெண்ணெயையும் சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அந்த வேப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். மேனேஜர் ஒரு கடுகை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மோர் என்றால் என்ன என்று கேட்டார். தாளிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. வெளியே வருவதற்கு இருந்த அந்த மாடலை அன்றே நிறுத்தினார்கள். சென்சாரை நீர் கோக்காத இடத்துக்கு மாற்றி வரைய எனக்குச் சில மாதங்கள் ஆயின. நுனி விளக்கையும் எடுத்துவிட்டோம். கடைசியில் அந்த வேப் கடைக்கு வரவே இல்லை. போட்டி தாங்காமல் கம்பெனியை யாரோ வாங்கினார்கள், வாங்கியவர்கள் மூடினார்கள். நான் இப்போது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளைச் சோதிக்கிறேன்.

மாமாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனதும், வேண்டுமென்றால் பால்கனியில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் பிடியுங்கள் என்று அத்தை நாற்காலி போட்டுக் கொடுத்தார். மாமா ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தார். பாதியில் அணைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். ருசியே இல்லையாம். புது வேப் கொண்டுவரட்டுமா என்றேன். "வேண்டாம் கண்ணு. அதைப் பாத்தாலே மார்க் போடணும்னு தோணுது. நான் ரிட்டயர் ஆனவன்" என்றார்.

அதன் பிறகு சாயங்கால நடைக்கு அத்தையும் கூடப் போக ஆரம்பித்தார். காவலுக்காம். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், நடந்து முடித்துப் படியேறி வந்த மாமா, அத்தை உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கல்யாணமானதுல இருந்து அவகூட இவ்வளவு நேரம் பேசினதே இல்ல கண்ணு. அவ தங்கச்சி மாப்பிள்ளை கதையில இன்னும் பாதிகூட வரல. இதுக்குச் சிகரெட்டே தேவலை."

சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ஏ, தண்ணி குடிச்சியா? நாளைக்குக் கொஞ்சம் வெயில் தாழ்ந்து போலாம்" என்றார்.